சேர்வராயன் மலையில் பாக்சைட் இருக்கு... விமானம் செய்ய அது போதுமா? அலுமினியம் வானத்துக்குப் போகும் கதை

ஏற்காடு போகிறவர்கள் ஏரி, லேடீஸ் சீட், பகோடா பாயின்ட் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியாக சேர்வராயன் கோயிலுக்கு வண்டியை விடுவார்கள். கடல் மட்டத்தில் இருந்து 5,326 அடி. குனிந்து நுழையவேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். வெளியே வந்தால், இது மலை உச்சியா என்று சந்தேகம் வரும் அளவுக்குப் பரந்த சமதரை. புல், காற்று, செருப்பில் ஒட்டிக்கொள்ளும் சிவப்பு மண்.

அந்தச் சிவப்பு மண்ணில்தான் விஷயம் இருக்கு. சேர்வராயன் மலையின் தட்டையான உச்சிகளை மூடியிருப்பது பாக்சைட். அலுமினியம் எடுக்கிற தாது.

இதே மலைக்குக் கீழே, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் சேலம் விமான நிலையம். அங்கே வந்து இறங்குகிற ஏடிஆர் விமானத்தின் உடலில் பெரும்பகுதி அலுமினியம். அதுமட்டுமல்ல, 2019ல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தில் சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் ஒரு மையம்.

அப்போ கணக்கு சுலபம்தானே? மேலே தாது, கீழே விமானத் தொழில். நடுவில் ஒரு ஆலையைப் போட்டுவிட்டால் சேலத்திலேயே விமானம் செய்யலாமே?

கேட்க நன்றாகத்தான் இருக்கு. ஆனால் அந்த "நடுவில்" என்ற ஒரு வார்த்தைக்குள் நூறு வருட ஆராய்ச்சி உட்கார்ந்திருக்கிறது. அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

மலை உச்சியில் மட்டும் ஏன்?

சேர்வராயன் மலையின் அடிப்பாறை சார்னோக்கைட். (கொல்கத்தாவில் இருக்கும் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்தில் இருந்து போனது. அந்தக் கல்லை ஆராய்ந்துதான் தாமஸ் ஹாலண்ட் என்ற புவியியலாளர் இந்தப் பெயரை வைத்தார். நம்ம ஊர்ப் பாறைக்கு கல்கத்தாக்காரர் பெயர்!)

இந்தப் பாறை மேல் பல லட்சம் ஆண்டுகளாக மழையும் வெயிலும் மாறி மாறி விழுந்தன. பாறையில் கரையக்கூடிய பொருட்கள் எல்லாம் மழைநீரோடு கரைந்து போய்விட்டன. கரையாமல் தங்கியது இரும்பும் அலுமினியமும். இரும்பு துருப்பிடித்து சிவப்பு நிறம் கொடுத்தது. அலுமினியம் அதிகம் தங்கிய இடம் பாக்சைட் ஆனது.

சரிவான இடத்தில் மண் நிற்காது, அடித்துக்கொண்டு போய்விடும். உயரமான, தட்டையான உச்சிகளில்தான் நிற்கும். அதனால்தான் சேர்வராயன், கொல்லிமலை, ஒடிசாவின் நியம்கிரி என்று எங்கே போனாலும் பாக்சைட் மலையின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும்.

மலையின் தலை என்றால் நம்ம ஊரில் வேறு யார் இருப்பார்? சாமி இருப்பார். தாதுவும் கோயிலும் ஒரே இடத்தில் வந்து நிற்பது தற்செயல் மாதிரி தெரியும். இரண்டுக்குமே உயரம்தான் காரணம்.

மேட்டூர் வரை போன மண்

இந்த மண் ஒருகாலத்தில் லாரி ஏறியது. மெட்ராஸ் அலுமினியம் கம்பெனி, சுருக்கமாக மால்கோ, 1965ல் மேட்டூரில் அலுமினிய உற்பத்தியைத் தொடங்கியது. ஏற்காடு மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட் மேட்டூருக்குப் போனது.

ஏன் மேட்டூர்? அணை. அணை என்றால் மின்சாரம். அலுமினியத்தை "உறைந்த மின்சாரம்" என்று சொல்வார்கள், அது மிகை இல்லை.

வேலை இரண்டு கட்டம். முதலில் பாக்சைட்டைக் காஸ்டிக் சோடாவில் வேகவைத்து, அலுமினா என்ற வெள்ளைப் பொடியைப் பிரிக்க வேண்டும். மிச்சமாகத் தங்குவது செஞ்சேறு. காரம் கலந்த சிவப்புச் சகதி, எங்காவது கொட்டி வைத்துக் காலாகாலத்துக்கும் காவல் இருக்கவேண்டிய சரக்கு. அடுத்து அந்த அலுமினாவை சுமார் 950 டிகிரி சூட்டில் உருகிய கிரையோலைட்டில் கரைத்து, உள்ளே மின்சாரத்தைப் பாய்ச்சினால் அடியில் அலுமினியம் தேங்கும். 1886ல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்ஸில் எரூவும் தனித்தனியாகக் கண்டுபிடித்த இதே முறையைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறார்கள்.

தோராயமாக 4 டன் பாக்சைட்டுக்கு 2 டன் அலுமினா, அதற்கு 1 டன் அலுமினியம். அந்த 1 டன்னுக்கு ஆகும் மின்சாரம் ஏறக்குறைய 14,000 யூனிட். புரியும்படி சொன்னால், தமிழக வீடுகளுக்கு 2016 முதல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தரப்பட்ட 100 யூனிட் இலவச மின்சாரத்தை ஒரு வீடு 23 வருடம் சேர்த்து வைத்தால் 1 டன் அலுமினியம் உருக்கலாம்!

1995ல் மால்கோ ஸ்டெர்லைட் குழுமத்தின் கைக்கு வந்தது. அதுதான் பின்னாளில் வேதாந்தா. 2008ன் பின்பாதியில் உலகச் சந்தையில் அலுமினியம் விலை பாதிக்கும் கீழே சரிந்தது. 2008-09 நிதியாண்டில் மேட்டூரில் அலுமினிய உற்பத்தி நின்றது. அதோடு மலையில் வெட்டுவதும் நின்றது.

இங்கே ஒன்றைக் கவனிக்கணும். ஆலை ஓடிய காலத்திலும் உருக்கு உலையில் இருந்து வெளியே வருவது வெறும் அலுமினியம். விமானத்துக்கு அது அப்படியே ஆகாது. ஏன்?

இட்லிக் குண்டானும் விமான இறக்கையும்

சுத்த அலுமினியம் எப்படி இருக்கும் என்று தெரிய வீட்டுப் பரணில் பழைய அலுமினியப் பாத்திரம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். ஒருமுறை கீழே போட்டால் சொட்டை. இரண்டாவது முறை போட்டால் மூடி உட்காராது.

நம்ம நாட்டில் அலுமினியத் தொழில் தொடங்கியதே பாத்திரத்தில்தான், அதுவும் சென்னையில். 1898ல் சென்னை கலைத் தொழிற்பள்ளியில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் இறக்குமதித் தகட்டை வைத்துப் பாத்திரம் அடிக்கக் கற்றுக்கொடுத்தார். செம்பு, பித்தளைக்கு மாற்றாக அது பிடித்துக்கொண்டது.

அலுமினியத்தின் பெருமை எடையில் இருக்கிறது. இரும்பின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். சிறுமை வலுவில். அந்தச் சொட்டை விழும் உலோகத்தை வைத்து எப்படி இறக்கை செய்வது? இந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தது ஒரு ஜெர்மன் ஆய்வகத்தில், ஏறக்குறைய தற்செயலாக.

சனிக்கிழமை மென்மை, திங்கள்கிழமை கடினம்

ஆல்ஃபிரட் வில்ம். பெர்லின் அருகே ராணுவத்துக்கான ஆய்வகத்தில் வேலை பார்த்த உலோகவியலாளர். அலுமினியத்தில் சுமார் 4 சதவீதம் செம்பு, கொஞ்சம் மெக்னீசியம் சேர்த்து, நன்றாகச் சூடாக்கி, தண்ணீரில் சட்டென்று முக்கிப் பார்த்தார். இரும்பை இப்படிச் செய்தால் கடினமாகும். நம்ம கொல்லுப் பட்டறையில் அரிவாளுக்குத் துவைச்சல் போடுவதும் இதுதான்.

அலுமினியம் கடினமாகவில்லை. ஏமாற்றம்.

1906ல் ஒரு சனிக்கிழமை பாதி அளந்துவிட்டு, மிச்சத்தைத் திங்கள்கிழமை பார்க்கலாம் என்று போனதாகச் சொல்வார்கள். திங்கள்கிழமை வந்து அளந்தால் அதே துண்டு கணிசமாகக் கடினமாகி இருந்தது. யாரும் எதுவும் செய்யவில்லை. சும்மா இருந்தது, அவ்வளவுதான்.

இந்தக் கலவைக்கு டூராலுமின் என்று பெயர் வைத்தார்கள். ஜெப்லின் வான்கப்பல்களின் எலும்புக்கூடு இதில்தான் செய்யப்பட்டது. 1919ல் பறந்த ஜங்கர்ஸ் எஃப்13, முழுக்க உலோகத்தில் செய்த முதல் பயணிகள் விமானம், அதுவும் டூராலுமின்தான். வில்ம் என்ன ஆனார்? உலோகத் தொழிலை விட்டுவிட்டுக் கோழி வளர்க்கப் போய்விட்டார். 1937ல் இறந்தார்.

இதில் வேடிக்கை, அந்தத் துண்டு ஏன் கடினமானது என்று வில்முக்கே தெரியாது. விமானங்கள் பறந்துகொண்டிருந்தன, காரணம் மட்டும் பிடிபடவில்லை. எக்ஸ்-ரே மூலம் அதை நேரடியாகக் காட்டியது 1938ல் பிரான்ஸில் கினியே, இங்கிலாந்தில் பிரெஸ்டன்.

உள்ளே என்ன நடக்குது?

ஒரு பெரிய பவானி ஜமக்காளம் தரையில் விரித்திருக்கிறது. அதை ஒரு அடி தள்ளி வைக்கணும். மொத்தமாக இழுத்தால் கனம். ஆனால் ஒரு ஓரத்தில் சுருக்கம் எழுப்பி, அந்தச் சுருக்கத்தைக் காலால் தள்ளிக்கொண்டே போனால் சுலபமாக நகர்ந்துவிடும், இல்லையா?

உலோகம் வளைவதும் அப்படித்தான். அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கியிருக்கும். வளைக்கும்போது மொத்த வரிசையும் ஒரே நேரத்தில் நகராது. ஒரு சுருக்கம் மட்டும் உள்ளே ஓடும். சுத்த அலுமினியத்தில் அந்தச் சுருக்கத்தைத் தடுக்க யாருமே இல்லை. அதனால்தான் குண்டான் சொட்டை விழுகிறது.

இப்போ ஜமக்காளத்துக்கு அடியில் சிறு கற்களைத் தூவி, இங்கங்கே ஆணி அடித்து வைத்தால்? சுருக்கம் ஓட முடியாது. உலோகத்தில் அந்த ஆணிகள்தான் செம்பு, மெக்னீசியம், துத்தநாகம்.

ஆணியை எப்படிப் போடுவது என்பதில்தான் சூட்சுமம். பாகு காய்ச்சும்போது கொதிக்கும் தண்ணீர் ஏராளமான சர்க்கரையைக் கரைத்துக்கொள்ளும். ஆறினால் அவ்வளவும் தாங்காது, பூத்துவிடும். சூடான அலுமினியமும் நிறைய செம்பைக் கரைத்துக்கொள்ளும். மெதுவாக ஆறவிட்டால் செம்பு பெரிய பெரிய கட்டியாகப் பிரியும், பிரயோஜனம் இல்லை. தண்ணீரில் சட்டென்று முக்கினால் பிரிய நேரமே கிடைக்காது, உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் துண்டை வைத்திருந்தால், மாட்டிய செம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக ஒன்றுகூடி, கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய தட்டுகளாக உலோகம் முழுக்கப் பரவும். அவைதான் ஆணிகள். வில்மின் துண்டுக்குள் அந்த வார இறுதியில் நடந்தது இதுதான்.

தொழிலில் இதை ஏஜிங் என்கிறார்கள். ஏஜிங் குறைந்தாலும் தப்பு, கூடினாலும் தப்பு. கூடினால் நுண்ணிய தட்டுகள் பெரிய கட்டிகளாகி, இடையில் சுருக்கம் நழுவிப் போகும்.

அதாவது ஒரே கலவை, ஒரே அளவு செம்பு. சூட்டையும் நேரத்தையும் மாற்றினால் வேறு உலோகம். கலவையைக் கண்டுபிடிப்பது பாதி வேலைதான். மீதிப் பாதி அதைச் செய்யும் முறை.

ஃப்ரிட்ஜில் வைத்த ஆணி

முறை என்றால் எந்த அளவுக்கு? ஒரு உதாரணம். விமானத் தகடுகளை ரிவெட் வைத்து அடித்து இணைப்பார்கள். ரிவெட்டும் அதே செம்பு கலந்த அலுமினியம். சூடாக்கி முக்கிய உடனே மென்மையாக இருக்கும், சுலபமாக அடிக்கலாம். கொஞ்ச நேரம் விட்டால் தானாகக் கடினமாகி, அடித்தால் வெடிக்கும்.

என்ன செய்தார்கள் தெரியுமா? முக்கி எடுத்த ரிவெட்டை நேராக ஃப்ரிட்ஜுக்குள் போட்டார்கள். குளிரில் ஏஜிங் நடக்காது. தேவைப்படும்போது எடுத்து, சூடு ஏறுவதற்குள் அடித்துவிட வேண்டும். அடித்த பிறகு தகட்டிலேயே இருந்து தானாக இறுகிக்கொள்ளும். இதற்கு "ஐஸ் பாக்ஸ் ரிவெட்" என்றே பெயர். ஐஸ்கிரீம் மாதிரி எடுத்து வைத்துப் பயன்படுத்திய ஆணி!

இன்னொன்று துரு. செம்பு சேர்த்ததும் வலு வந்தது, ஆனால் உப்புக் காற்றில் அரிக்க ஆரம்பித்தது. சுத்த அலுமினியம் அரிக்காது, ஆனால் வலு இல்லை. 1920களின் இறுதியில் அமெரிக்காவின் அல்கோவா நிறுவனம் இரண்டையும் சேர்த்தது. வலுவான தகட்டின் இரண்டு பக்கமும் மெல்லிய சுத்த அலுமினியத்தை வைத்து உருளையில் விட்டு ஒன்றாக அழுத்தினார்கள். பலகையில் ஃபார்மிகா ஒட்டியது மாதிரி. இன்றும் பயணிகள் விமானத்தின் மேல்தோலில் இந்த வேலையைப் பார்க்கலாம்.

தடிமனான பாளங்களில் வேறு தலைவலி. தண்ணீரில் முக்கும்போது வெளிப்புறம் முதலில் ஆறும், உள்ளே பிறகு ஆறும். இதனால் உள்ளுக்குள் இழுவிசை தங்கிவிடும். அப்படியே குடைந்தால் பாகம் முறுக்கிக்கொள்ளும். அதனால் முக்கியெடுத்த தகட்டை ராட்சத எந்திரத்தில் இரண்டு பக்கமும் பிடித்து, இரண்டு சதவீதம் போல இழுத்து நீட்டுவார்கள். இழுவிசை தணிந்துவிடும். கேட்க எளிது. ஆனால் அரையடி தடிமன் பாளத்தை இழுக்கிற எந்திரம் உலகத்தில் எத்தனை ஊரில் இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

தாதுவே இல்லாத நாடு செய்த கலவை

இப்போ முக்கியமான கட்டத்துக்கு வருவோம். செம்பை விட வலு தரும் ஆணி எது? துத்தநாகம். மெக்னீசியத்தோடு சேர்ந்தால் சாதாரண இரும்புக்கே சவால் விடும். ஆனால் அந்தக் கலவை, இழுவிசையும் ஈரமும் சேர்ந்தால், முன்னறிவிப்பே இல்லாமல் விரிசல் விட்டது. ஐரோப்பாவில் பலரும் முயன்று கைவிட்டார்கள்.

1936ல் ஜப்பானின் சுமிட்டோமோ நிறுவனத்தில் இகராஷி இசாமு என்ற உலோகவியலாளர், துளி குரோமியம் சேர்த்தால் அந்த விரிசல் அடங்குகிறது என்று கண்டுபிடித்தார். "எக்ஸ்ட்ரா சூப்பர் டூராலுமின்" என்று சினிமா டைட்டில் மாதிரி ஒரு பெயர். 1939ல் பறந்த ஜீரோ போர்விமானத்தின் இறக்கையைத் தாங்கும் முதன்மைச் சட்டம் இதில்தான் செய்யப்பட்டது. எடை குறைந்ததால் தூரம் கூடியது.

1943ல் அமெரிக்காவின் அல்கோவாவும் இதே குடும்பத்தில் ஒரு கலவையைக் கொண்டுவந்தது. இன்று 7075 என்று கேட்டால் கோவை, ஓசூர் சிஎன்சி பட்டறைக்காரர்கள் யாரும் சொல்வார்கள். சுத்த அலுமினியத்தைவிட ஐந்தாறு மடங்கு வலு.

ஜப்பானில் பாக்சைட் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அன்று டச்சுக்காரர்களிடம் இருந்த இந்தோனேசியத் தீவுகளில் இருந்து கப்பலில் வாங்கினார்கள். மண் வாங்கிய நாடு கலவை செய்தது. மண் வைத்திருந்த நாடுகள் கலவை செய்யவில்லை. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வலு மட்டும் போதுமா?

போதாது என்று உயிர்களைக் கொடுத்துக் கற்றுக்கொண்டார்கள். 1954 ஜனவரியிலும் ஏப்ரலிலும் பிரிட்டனின் காமெட் ஜெட் விமானங்கள் இரண்டு மத்தியதரைக்கடல் மேல் நடுவானில் சிதறின. ஒரு முழு விமானத்தைத் தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்து, ஆயிரக்கணக்கான முறை அழுத்தம் ஏற்றி இறக்கிப் பார்த்தபோதுதான் காரணம் தெரிந்தது. ஒரு கம்பியை இப்படியும் அப்படியும் பலமுறை வளைத்தால் ஒடிகிறதே, அதே உலோகக் களைப்பு. ஜன்னல் போன்ற திறப்புகளின் மூலையில் விரிசல் ஆரம்பித்திருக்கிறது. இன்று விமான ஜன்னல் மூலைகள் வளைவாக இருப்பதன் பின்னால் அந்தப் பாடமும் இருக்கிறது.

1988 ஏப்ரல் 28. ஹவாய் தீவுகளுக்கு இடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் கூரை முன்பக்கம் பிய்ந்து போனது. விமானப் பணிப்பெண் ஒருவர் வெளியே இழுக்கப்பட்டு உயிரிழந்தார். விமானம் அப்படியே தரையிறங்கியது. அது அதுவரை பறந்திருந்தது 89,000 தடவைக்கும் மேல். கடற்காற்றின் அரிப்பும் களைப்பும் சேர்ந்து, ரிவெட் துளைக்கு ரிவெட் துளை சின்னச் சின்ன விரிசல்.

இதனால்தான் கலவை வடிவமைப்பவர்கள் எப்போதும் ஒன்றைக் கொடுத்து ஒன்றை வாங்குகிறார்கள். 7075ஐ உச்ச வலுவுக்கு ஏஜிங் செய்தால் ஈரத்தில் விரிசல் விடும் ஆபத்து. கொஞ்சம் அதிகமாக ஏஜிங் செய்தால் வலுவில் 10-15 சதவீதம் போகும், ஆனால் விரிசல் பயம் பெருமளவு அடங்கும். வலுவைக் குறைப்பதும் ஒரு கண்டுபிடிப்புதான்!

லித்தியம்: செல்போன் பேட்டரியில் இருக்கும் அதே ஆள்

எடையை இன்னும் குறைக்கணும் என்றால்? உலோகங்களிலேயே எடை குறைந்தது லித்தியம். அலுமினியத்தில் 1 சதவீதம் லித்தியம் சேர்த்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் குறையும். விறைப்பு சுமார் 6 சதவீதம் கூடும். இந்த இரண்டையும் சேர்த்துத் தரும் ஆணிகள் அபூர்வம்.

சிக்கல் என்னன்னா, உருகிய லித்தியம் காற்றையும் ஈரத்தையும் பார்த்தாலே பாயும். வார்ப்பின்போது தண்ணீர் பட்டால் வெடிக்கக்கூட வாய்ப்பு உண்டு. ஆர்கான் வாயுப் போர்வைக்குள் உருக்க வேண்டும். பாகத்தின் ஒரு திசையில் வலுவாகவும் இன்னொரு திசையில் பலவீனமாகவும் வரும் தொல்லை வேறு. 1960களில் சோவியத் யூனியனில் ஃபிரிட்லியாண்டர் குழு 1420 என்ற கலவையைக் கொண்டுவந்தது. அமெரிக்கா 1998ல் விண்வெளி ஓடத்தின் வெளித் தொட்டியை லித்தியம் கலவைக்கு மாற்றி 3 டன்னுக்கும் மேல் எடை குறைத்தது.

இந்தியாவில் இந்த வேலையை எடுத்துக்கொண்டது ஹைதராபாத்தில் உள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வகம், டிஎம்ஆர்எல். நம்ம தேஜஸ் போர்விமானத்தின் உடலில் கார்பன் ஃபைபர், டைட்டானியத்தோடு அலுமினியம்-லித்தியம் கலவைகளும் இருக்கின்றன. 2001 ஜனவரி 4ல் முதலில் பறந்த தேஜஸ், இப்போது கோவை பக்கத்தில் சூலூர் விமானப்படைத் தளத்தில் இருந்து கிளம்புகிறது. சேலத்துக்காரர்களுக்கு மூன்று மணி நேரத் தூரம்.

விண்வெளிப் பக்கம் இஸ்ரோ நம்பியிருப்பது 2219 என்ற செம்பு கலந்த அலுமினியம். வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும், கடும் குளிரில் நொறுங்காது. ராக்கெட்டின் திரவ எரிபொருள் தொட்டிகளுக்கு இதுதான். திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் திரவ எஞ்சின் சோதிக்கும்போது நாம் டிவியில் பார்ப்பது நெருப்பை. அந்த ராக்கெட் பறக்கும்போது எரிபொருளைச் சுமக்கும் தோல் இந்த அலுமினியம்.

சரி, சேர்வராயன் மலைக்கு வருவோம்

முதல் கேள்வி: மறுபடியும் மலையை வெட்டினால் சேலத்தில் விமானத் தொழில் வளருமா?

இந்தியாவில் பாக்சைட்டுக்குப் பஞ்சம் இல்லை. ஒடிசாவில் மட்டுமே பெரும் இருப்பு உண்டு. உலகின் பெரிய அலுமினிய உற்பத்தி நாடுகளில் இந்தியாவும் ஒன்று. அப்படியிருந்தும் விமானத் தரத் தகடும் பாளமும் இன்னும் கணிசமாக வெளிநாட்டில் இருந்துதான் வாங்குகிறோம். குறை மண்ணில் இல்லை. பெரிய உருளை ஆலை, இழுக்கும் எந்திரம், ஒவ்வொரு தகட்டுக்கும் "எந்த உலையில், எந்தச் சூட்டில், எத்தனை மணி நேரம்" என்று சொல்லும் சான்றிதழ், இவற்றில்தான் குறை.

இதைச் சரிசெய்யத்தான் 2019ல் பொதுத்துறை நிறுவனங்களான நால்கோவும் மிதானியும் சேர்ந்து உத்கர்ஷா அலுமினியம் தாது நிகாம் என்ற கூட்டு நிறுவனத்தை உருவாக்கின. உயர்தரக் கலவைகளை உள்நாட்டிலேயே செய்யும் ஆலைக்குத் தேர்வான இடம் ஆந்திராவின் நெல்லூர் மாவட்டம். பாக்சைட் மலைக்குப் பக்கத்தில் தேடவில்லை, கவனியுங்கள்.

சேலத்துக்கு இது புதிய அனுபவமும் இல்லை. கஞ்சமலை இரும்பை நம்பிக் கனவு கண்ட ஊர்தான் இது. 1981ல் உற்பத்தி தொடங்கிய சேலம் உருக்காலை இன்று எவர்சில்வர் தகட்டுக்குப் பெயர் பெற்றது. அதற்குக் கஞ்சமலையை வெட்டவில்லை. வெளியில் இருந்து வந்த எஃகை இங்கே மெல்லிய தகடாக உருட்டத் தெரிந்ததுதான் அதன் மதிப்பு.

மலையை வெட்டினால் போவது என்ன? பாக்சைட் தொப்பி பொத்தல் பொத்தலான மண். மழைநீரை உறிஞ்சி வைத்து மெதுவாகக் கசியவிடும். மலை ஊற்றுகளுக்கு அதுதான் தொட்டி. காபி, மிளகு, ஆரஞ்சு போட்டிருப்பவர்களும், தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழும் மலையாளி பழங்குடி மக்களும் நம்பியிருப்பது அந்தத் தண்ணீரை. மே மாதம் சேர்வராயன் திருவிழாவுக்குச் சுற்றுவட்டாரக் கிராமங்கள் எல்லாம் கூடுவதும் அதே சமதரையில்தான்.

இதே மாதிரி ஒரு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. நியம்கிரி மலையில் வேதாந்தாவுக்காகத் திட்டமிடப்பட்ட பாக்சைட் சுரங்கம் பற்றி, அங்குள்ள கிராம சபைகளே முடிவெடுக்க வேண்டும் என்று 2013 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. அந்த ஆண்டு கூடிய 12 கிராம சபைகளும் வேண்டாம் என்றன. டோங்ரியா கோந்த் மக்களுக்கு அந்த மலை நியம் ராஜா என்ற சாமி.

அப்போ சேலத்துக்கு என்ன கிடைக்கும்?

விமானப் பாகங்களில் பல, ஒரே பாளத்தில் இருந்து குடைந்து எடுக்கப்படுபவை. 100 கிலோ பாளத்தில் 10 கிலோ பாகம் மிஞ்சினால் அதிசயம் இல்லை. மீதி 90 கிலோ சுருள் சுருளான சீவல். குடைவது சிஎன்சி பட்டறை வேலை. கோவை, ஓசூர் போல சேலமும் நுழையக்கூடிய வாசல் இது. ஆனால் தரச் சான்றிதழ் வாங்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு தவறினால் பாகம் திரும்பி வரும்.

அந்தச் சீவலும் குப்பை இல்லை. பழைய அலுமினியத்தை மறுபடி உருக்க, தாதுவில் இருந்து எடுக்க ஆகும் மின்சாரத்தில் 5 சதவீதம் போல இருந்தால் போதும். ஒரு நிபந்தனை: 7075 சீவலும் 2024 சீவலும் ஒரே மூட்டையில் கலக்கக் கூடாது. கலந்தால் மறுபடி விமானத்துக்குப் போகாது, ஜன்னல் சட்டத்துக்கோ பாத்திரத்துக்கோதான் போகும். இன்று நம்ம ஊர்ப் பழைய இரும்புக் கடைகளில் எல்லா அலுமினியமும் ஒரே தராசில், ஒரே விலைக்குத்தான் விழுகிறது.